விழுவதற்கு அவசரப்பட்ட சோபாக்காரர்

சோபாக்காரர் தெருவில் நடந்து வந்தால் எதிரே வருகிறவர்கள் தாமாகவே ஒதுங்கி வழி விடுவார்கள். ஆள் வாட்டசாட்டம் அப்படி. பாதிக் கதவு சாத்தியிருக்கும் கடைக்குள் அவர் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும். ஒவ்வொரு கையும் ஒரு திண்டு. போதாததற்கு ஒரு பெரிய மீசை வேறு. ஆனால் அந்த உடம்புக்குள் இருந்த மனுஷன், பழைய நாற்காலியின் காலைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத் தடவிக் கொடுப்பவர். கூட்டத்தில் யாராவது அவர் காலை மிதித்துவிட்டால், கால் குறுக்கே கிடந்ததற்காக இவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

பழைய சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சும் நுரையும் அடைத்து, மேலே புது ரெக்சின் போர்த்துவது அவர் தொழில். வேலை செய்யும்போது வாய் நிறையச் சின்னச் சின்ன ஆணிகளை அடக்கிக்கொள்வார். நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, உதட்டிலிருந்து எடுத்து, மரச்சட்டத்தில் அடிப்பார். அதனால் கடையில் யார் எதைக் கேட்டாலும் பதில் "ம்" தான்.

"அடுத்த வாரம் கெடைச்சிடுமா?"

"ம்."

"இல்ல, நாளைக்கே வேணும்."

"ம்."

ஆணி வாயில் இல்லாத நேரத்திலும் அவருக்கு இந்த ஒரு பதில்தான் வரும். மாட்டேன், முடியாது என்ற சொற்களை அவர் யாரிடமும் சொல்லிப் பார்த்ததில்லை.

அவர் மனைவி அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டார். பகலில் அதே கடையின் மூலையில் உட்கார்ந்து திண்டு உறைகள் தைப்பார். சாயங்காலம் குடியிருப்போர் சங்க மண்டபத்தில் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி சொல்லிக்கொடுப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மா. அவர் பாடத்தில் கத்தலும் இல்லை, பறந்து பறந்து உதைப்பதும் இல்லை. குடும்பச் செலவைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் பேசுவார்.

"பலம் நெறைய இருக்கறவன் அதை வீணாக்குவான். நம்மகிட்ட கொஞ்சம்தான் இருக்கு, சிக்கனமா எடுத்து செலவு பண்ணணும். பல்லைக் கடிச்சுக்கிட்டு, தோளைத் தூக்கிக்கிட்டு நின்னீங்கன்னா பாதி பலம் அங்கயே போயிடும். முறுக்கி வெச்ச கை வேகமா போகாது. தொளதொளன்னு விடுங்க. தேவைப்படற ஒரு நொடிக்கு மட்டும் இறுக்குங்க."

கையைப் பிடித்தால் எப்படி விடுவிப்பது என்பதற்கும் அவரிடம் இதே கணக்குதான்.

"நாலு விரலோட ஏன் மல்லுக்கட்டறீங்க? அந்தப் பிடியில கட்டைவிரல்தான் இளைச்சது. மணிக்கட்டை அந்தப் பக்கமாத் திருப்புங்க. முழங்கையை அவன் பக்கமாவே கொண்டு போங்க. கை வெளிய வந்துடும்."

"வந்ததும் என்ன செய்யணும் மாஸ்டரம்மா?"

"ஓடணும். நின்னு அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கக் கூடாது."

ஆரம்பத்தில் பழகுவதற்குச் சோபாக்காரர் ஒரு பொம்மை செய்து கொடுத்தார். தேங்காய் நார் அடைத்த, தலை மட்டும் இல்லாத ஓர் ஆள். அதைத் தள்ளலாம், குத்தலாம். ஆனால் அது வந்து யார் கையையும் பிடிக்காது. எனவே ஒருநாள் மாஸ்டரம்மா கணவரிடம், "ஏங்க, சும்மாதானே இருக்கீங்க, வந்து நில்லுங்க," என்றார். அவர் "ம்" என்றார். நுரைத் துண்டுகளை வைத்துத் தனக்கு ஒரு மெத்தைச் சட்டையும் மெத்தைக் காற்சட்டையும் தைத்துக்கொண்டார். மீந்திருந்த பழுப்பு ரெக்சினில் தைத்ததால், நெஞ்சில் வரிசையாகப் பித்தானும் குழியுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் கால் முளைத்த சாய்வு சோபா மாதிரியே இருந்தார். அன்றிலிருந்து பயிற்சியில் எல்லோருக்கும் எதிரி அவர்தான்.

எதிரிக்கு வேண்டிய ஒரு குணமும் அவரிடம் இல்லை. பின்னால் வந்து ஒரு பெண்ணின் கையைப் பிடிக்கும் முன், "பிடிக்கறேம்மா," என்று அறிவிப்பார். பிடித்த பிறகு, "வலிக்குதா?" என்று விசாரிப்பார். எல்லாவற்றையும் விட மோசம், அவர் விழும் விதம்.

அது நல்லெண்ணத்தில் தொடங்கிய பழக்கம். மருந்துக்கடை அக்கா பயிற்சிக்கு வந்த முதல் நாள், எவ்வளவு முயன்றும் அவரை ஓர் அங்குலம் அசைக்க முடியவில்லை. அக்காவின் கண் கலங்குவதைப் பார்த்ததும் சோபாக்காரருக்கு மனசு கேட்கவில்லை. அவராகவே "ஐயோ" என்று சொல்லி மல்லாக்க விழுந்தார். அக்காவின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்காக மறுநாளும் விழுந்தார். பிறகு எல்லோருக்கும் விழுந்தார். நாளாக ஆக, கை மேலே படுவதற்கு முன்பே விழும் அளவுக்குத் தேறிவிட்டார். ஒரு தடவை பின்வரிசையில் யாரோ தும்மியதற்கும் விழுந்தார்.

சங்கச் செயலாளர் ஜன்னல் வழியாகப் பார்த்தது அப்படி ஒரு விழுகையைத்தான். மருந்துக்கடை அக்கா கையை ஓங்குவதற்குள் சோபாக்காரர் தரையில் கிடந்தார். செயலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இது என்னம்மா, பயிற்சியா நாடகமா?"

"ஏன் சார்?" என்றார் மாஸ்டரம்மா.

"அந்தம்மா கை இங்க இருக்கு, இவர் அங்க கெடக்கார். நடுவுல காத்துதான் இருக்கு. காத்துலயா விழுந்தார்?"

தரையில் கிடந்த சோபாக்காரர், "நல்லா பட்டுச்சு சார்," என்றார்.

"எங்க பட்டுச்சு?"

அவர் யோசித்து, "பரவலா," என்றார்.

செயலாளர் சிரிக்கவில்லை. டேபிள் டென்னிஸ் விளையாடுகிறவர்கள் வெகுநாட்களாக அதே சாயங்கால நேரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஞாயித்துக்கிழமை காலைல கமிட்டி முன்னால செஞ்சு காட்டுங்க. இவர் நெஜமா வரணும், நீங்க நெஜமா தடுக்கணும். நடிப்புன்னு தெரிஞ்சா மண்டபம் அவங்களுக்குப் போயிடும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்டபம் போவது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலையை மருந்துக்கடை அக்கா கிளப்பினார். கடையைப் பூட்டிவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்து போகிறவர் அவர். நடுவில் ஆளில்லாத நீளமான மதில் சுவர் ஒன்று வரும். அதற்காகத்தான் பயிற்சிக்கே வந்தார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. இத்தனை நாளா நான் தள்ளித்தான் விழுந்தீங்களா?"

சோபாக்காரரின் வாயில் அப்போது ஆணி இல்லை. ஆனாலும் "ம்" என்றுகூட வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டரம்மா பிடித்துக்கொண்டார்.

"அவங்க நம்பிக்கிட்டு நடந்து போறாங்க, தெரியுதா? நெஜமாவே ஒருத்தன் வந்தா, அவன் உங்களை மாதிரி 'ஐயோ'ன்னு சொல்லிட்டுப் படுத்துக்குவானா?"

"அவங்க சந்தோஷப்பட்டாங்களே."

"சந்தோஷத்தை வெச்சு என்ன பண்றது? ஞாயித்துக்கிழமை நெஜமா என்னைப் பிடிக்கறீங்க. இப்ப பிடிங்க, பாக்கலாம்."

அவர் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தார். கண்ணாடி டம்ளரைப் பிடிக்கிற மாதிரி இருந்தது.

"இது பிடியா? நாடி பாக்கறீங்களா?"

"எனக்குக் கோவம் வரணுமே. அது வராம எப்படி?"

கோபம் வரவழைக்க மாஸ்டரம்மா தன்னால் ஆனதைச் செய்தார். முதலில் அவருடைய மீசையைப் பழித்தார். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வெட்டிடட்டுமா?" என்றார். அடுத்து, அவர் கூடப்பிறந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். "அதுவும் உண்மைதான்," என்று அவர் பெருமூச்சு விட்டார். கடைசியில், "டாக்டர் வீட்டு சோபாவில நீங்க போட்ட தையல் கோணல்," என்றார். சோபாக்காரரின் முகம் சுருங்கியது. எழுந்து சட்டையை மாட்டினார். கோபம் வந்துவிட்டது என்று மாஸ்டரம்மா தயாராக நின்றார். அவர் நேராக டாக்டர் வீட்டுக்குப் போய், சோபாவைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்த்துவிட்டு, நேராகத்தான் இருக்கிறது என்ற நிம்மதியோடு திரும்பி வந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கடையில் தனியாக உட்கார்ந்து அவர் யோசித்தார். மனைவியை அவரால் இறுக்கிப் பிடிக்க முடியாது, சரி. குறைந்தபட்சம் சீக்கிரம் விழாமலாவது இருக்க வேண்டும். ஆனால் உடம்பு பழகிவிட்டது. யார் கையைத் தூக்கினாலும் முழங்கால் தானாக மடங்குகிறது. விழுந்தால் உடனே எழுந்து மறுபடியும் போனால்தான் நிஜ எதிரி மாதிரி இருக்கும். ஆனால் இந்த மெத்தையோடு அவர் எழுவதற்கு எப்போதும் ஆள் வேண்டும்.

எதிரே, யாரோ பிரிக்கக் கொடுத்த பெரிய சோபா ஒன்று வயிறு திறந்து கிடந்தது. உள்ளே கெட்டியான சுருள் ஸ்பிரிங்குகள்.

வேறு எந்தத் தொழில்காரருக்கும் தோன்றாத யோசனை அவருக்குத் தோன்றியது. தன் மெத்தைச் சட்டையின் முதுகிலும் காற்சட்டையில் உட்காரும் இடத்திலும் நுரையைப் பிடுங்கிவிட்டு ஸ்பிரிங் வைத்தார். முறைப்படி ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எல்லாத் திசையிலும் சணல் கயிற்றால் இழுத்துக் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் அது ஒருநாள் தலையை வெளியே நீட்டும். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று, பாதிக் கட்டு கட்டி மேலே ரெக்சினை இழுத்துத் தைத்துவிட்டார். டாக்டர் வீட்டுத் தையலுக்கு அவ்வளவு கவலைப்பட்ட மனுஷன், தன் முதுகு என்றதும் அலட்சியமாக இருந்துவிட்டார். மனைவியிடம் எதையும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், இவர் "ம்" என்பார், அவ்வளவுதான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபத்தில் கமிட்டிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் செயலாளர். சுவரோரம் பயிற்சிக்கு வரும் பெண்கள். மருந்துக்கடை அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு, யாரையும் நம்பாத முகத்தோடு நின்றார். சோபாக்காரர் உள்ளே வந்தபோது ஒவ்வோர் அடிக்கும் மெல்லிதாக ஒரு சத்தம் கேட்டது. ரெக்சின் உரசுகிறதாக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

"ஆரம்பிக்கலாம்," என்றார் செயலாளர்.

சோபாக்காரர் மனைவியின் கையைப் பிடித்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் இறுக்கம்.

"சரியா இருக்கா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பேசாம பிடிங்க," என்று பல்லிடுக்கில் சொன்னார் மாஸ்டரம்மா. சொன்ன வேகத்தில் கையைத் திருப்பி உருவிக்கொண்டு, ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து, அவர் வந்த போக்கிலேயே தோளைத் தட்டிவிட்டார். சோபாக்காரர் விரிப்பின் மேல் பொத்தென்று உட்கார்ந்தபடியே விழுந்தார்.

அடுத்த கணம், விழுந்த அதே வேகத்தில் எழுந்தார். எழுந்தவர் நிற்கவும் இல்லை. இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, கண் பிதுங்க, மனைவியை நோக்கிப் பாய்ந்தார்.

கமிட்டியில் ஒருவர், "அடேங்கப்பா, ஆளு பயங்கரமா வரார்," என்றார்.

மாஸ்டரம்மாவுக்கே ஒரு கணம் திகைப்பு. இருபது வருஷத்தில் இவர் இவ்வளவு வேகமாக எதற்கும் எழுந்ததில்லை. அவசரத்தில் அவர் தன் பாடத்தையே மறந்தார். பல்லைக் கடித்து, தோளைத் தூக்கி, பலமெல்லாம் சேர்த்து ஒரு தள்ளு தள்ளினார். சோபாக்காரர் முன்னைவிட வேகமாகப் போய் விழுந்து, முன்னைவிட வேகமாகத் திரும்பி வந்தார். மறுபடியும் தள்ளினார். மறுபடியும் வந்தார். வரும்போதெல்லாம் அவர் வாய் எதையோ முணுமுணுத்தது. கமிட்டிக்காரர்கள் அதைக் கெட்ட வார்த்தை என்று நினைத்தார்கள். "தள்ளாதே, தள்ளாதே," என்றுதான் அவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

செயலாளர் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் இழுத்துக்கொண்டு சுவர்வரை போய்விட்டார்.

சோபாக்காரர் நாலாவது தடவை விழுந்தபோதுதான் மாஸ்டரம்மாவின் காதில் அந்தச் சத்தம் சரியாக விழுந்தது. டொய்ங். கடையின் மூலையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகக் கேட்ட சத்தம். ஸ்பிரிங்கை எவ்வளவு வேகமாக அழுத்துகிறோமோ அவ்வளவு வேகமாக அது திருப்பித் தரும். மெதுவாக அழுத்திப் பிடித்தால் அதற்குப் பேச்சே வராது.

மாஸ்டரம்மா மூச்சை விட்டார். தோளை இறக்கினார். கைகளைத் தளர்த்தினார். கணவர் பாய்ந்து வந்தபோது தடுக்கவே இல்லை. ஓர் அடி நகர்ந்து வழி விட்டு, முழங்கையில் ஒரு கை, கழுத்துக்குப் பின்னால் ஒரு கை வைத்து, அவர் ஓடிய ஓட்டத்தை அப்படியே ஒரு வட்டமாகத் திருப்பினார். வட்டம் சுருங்கச் சுருங்க அவர் வேகமும் குறைந்தது. கடைசியில், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போல அவரைப் பூப்போல மல்லாக்கச் சாய்த்தார். சத்தம் வரவில்லை. பிறகு மெத்தைச் சட்டையின் நெஞ்சின் மேல் நிதானமாக உட்கார்ந்து, புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார்.

"இதுக்கு மேல பலம் செலவு பண்ணா வீண் சார்," என்றார்.

பெண்கள் கை தட்டினார்கள். கமிட்டியும் தட்டியது. செயலாளர் மட்டும் சுவரோரத்திலிருந்து நாற்காலியோடு திரும்பி வந்து, கீழே குனிந்து பார்த்தார்.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க?"

மருந்துக்கடை அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் சோபாக்காரரால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஸ்பிரிங் சார். முதல் தடவை வந்தது நான். மத்தபடி வந்ததெல்லாம் ஸ்பிரிங்தான்."

"முதல் தடவை நெஜமா பிடிச்சீங்களா?"

"ஓரளவு சார். பாதிக்குப் பாதி."

"அப்ப ஸ்பிரிங்குக்குத்தான் தற்காப்பு செஞ்சு காட்டியிருக்கீங்க. தெருவில எவனும் ஸ்பிரிங் கட்டிக்கிட்டு வரமாட்டான்மா," என்றார் செயலாளர். "இதை எப்படிக் கணக்குல எடுக்கறது, சொல்லுங்க."

மாஸ்டரம்மா எழுந்து நின்றார். கமிட்டியில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். டேபிள் டென்னிஸ் மேஜை எத்தனை அடி இருக்கும் என்று ஒருவர் கையால் அளந்து காட்டுவது தெரிந்தது.

அந்த நேரத்தில் பாதிக் கட்டு கட்டிய ஸ்பிரிங் ஒன்று தன் வேலையைக் காட்டியது. உட்காரும் இடத்தில் கயிறு அவிழ்ந்து, கம்பியின் முனை உறையைத் துளைத்துக்கொண்டு உள்பக்கமாகத் தலையை நீட்டியது. உள்பக்கத்தில் இருந்தவர் சோபாக்காரர்.

"ஏம்மா," என்றார் அவர். "கையைக் குடு. சீக்கிரம் குடு."

மாஸ்டரம்மா கமிட்டியைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார். சோபாக்காரர் அந்தக் கையைப் பிடித்தார். மனைவி என்பதோ, வலிக்குமே என்பதோ, மரியாதை என்பதோ எதுவும் அப்போது அவர் நினைவில் இல்லை. ஸ்பிரிங் இழுத்து இழுத்து உரமேறிய விரல்கள் அத்தனையையும் சேர்த்து, கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடிக்கிற பிடியாகப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தார். வாழ்க்கையில் அவர் ஒரு மனுஷரை நிஜமாகப் பிடித்தது அதுதான் முதல் முறை.

மாஸ்டரம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இழுத்த பக்கமே முழங்கை போனது, மணிக்கட்டு கட்டைவிரல் பக்கமாக ஒரு சின்னத் திருப்பு திரும்பியது, கை வெளியே வந்துவிட்டது. வெண்ணெயிலிருந்து கத்தியை உருவியது போல. பிடித்த வேகத்தில் சோபாக்காரர் வெறும் காற்றை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். நேராக அந்தக் கம்பி முனை மேல்.

இந்தத் தடவை அவர் எழுந்ததில் ஸ்பிரிங்கின் பங்கு கொஞ்சம்தான். அலறிக்கொண்டு எழுந்தவர் எதிரே நின்ற செயலாளரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினார்.

"மன்னிச்சுக்குங்க சார், பின்னால குத்துது," என்றார்.

செயலாளர் மெத்தைக்குள் பாதி புதைந்துபோய்விட்டார். ஆனால் அவர் கண் மாஸ்டரம்மாவின் மணிக்கட்டின் மேலேயே இருந்தது. அதில் விரல் பதிந்த தடம் சிவப்பாக, ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது.

"அது நடிப்பில்ல," என்றார் மூச்சு முட்ட. "அந்தப் பிடி நெஜம். அந்தம்மா பாக்கக்கூட இல்லையே. கமிட்டி பாத்தீங்கல்ல? சரி, சாயங்காலம் அவங்களுக்கே. டேபிள் டென்னிஸ் காலைல ஆடட்டும். மொதல்ல இவரை யாராவது எடுங்கப்பா."

நாலு பேர் சேர்ந்து எடுத்தார்கள். மெத்தைக் காற்சட்டை கழற்றப்பட்டு, உள்ளே போட்டிருந்த கால்சராயோடு சோபாக்காரர் ஓரமாக நின்று, குத்திய இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடை அக்கா அவர் முன்னால் வந்து நின்று, கையை நீட்டினார்.

"அண்ணே, இப்ப என்னைப் பிடிங்க. மாஸ்டரம்மாவைப் பிடிச்சீங்களே, அதே மாதிரி."

"வலிக்கும்மா."

"வலிக்கட்டும்."

அவர் மனைவியைப் பார்த்தார். மாஸ்டரம்மா தலையசைத்தார். அவர் பிடித்தார். நிஜமாகவே பிடித்தார். அக்கா திருப்பினார், இழுத்தார், பல்லைக் கடித்தார், சிவந்து போனார். கை வரவில்லை. சோபாக்காரரின் முழங்கால் பழக்க தோஷத்தில் மடங்கப் பார்த்தது. அவர் அதை மிகவும் கஷ்டப்பட்டு நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

கை வரவில்லையே தவிர, அக்காவின் முகத்தில் வருத்தம் இல்லை. "இதுதான் நெஜம், இல்ல?" என்றார்.

"தோளை இறக்குங்க," என்றார் மாஸ்டரம்மா. "பின்னால இழுக்காதீங்க. முழங்கை அவர் பக்கம் போகட்டும்."

அக்கா மூச்சை விட்டார். தோள் இறங்கியது. முழங்கை முன்னால் போனது. மணிக்கட்டு திரும்பியது. கை வெளியே வந்தது. வந்ததுதான் தாமதம், சொல்லிக்கொடுத்தபடி அக்கா திரும்பிப் பார்க்காமல் ஓட ஆரம்பித்து, வாசற்படியில் இறங்கி, செருப்பைக்கூடப் போடாமல் தெருமுனைவரை போய்விட்டார்.

"போதும்மா, வாங்க," என்று பெண்கள் பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அக்கா நிற்கவில்லை.

சோபாக்காரர் தன் வெறும் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் கால்களைப் பார்த்தார். இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.